ரிடன்டன்ட்டும் பள்ளிக்கரணைத் தண்ணியும்

ஆணி ஜாஸ்தியாகிப் போனதால இந்தப் பக்கம் எட்டிப் பாக்கவே முடியல மக்களே. இன்னிக்கு ஒரு உட்டாலக்கடி மேட்டரும் இல்ல. ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை. அது என்னைப் படுத்தின பாட்டை யார்கிட்டயாவது சொல்லித் தீர்க்கணும், அவ்வளவுதான். கொசுவத்தியைச் சுத்தி 2023-க்குப் போயிடலாம் வாங்க.

அதுக்கு முன்னாடி ஒரு வாக்குமூலம். நான் பீட்டர் பார்ட்டி இல்ல. பத்தாவது வரைக்கும் விருதுநகர்ப் பக்கம் தமிழ் மீடியம். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் பூராவும் எஞ்சினியரிங் புத்தகத்துல இருந்து வந்தது. அதுல ஒரு சிக்கல் இருக்கு. ஒரு வார்த்தைக்கு ஊருல பத்து அர்த்தம் இருந்தாலும் நமக்கு சிலபஸ்ல இருக்குற அர்த்தம் மட்டும்தான் தெரியும். 'பஸ்' னா மதர்போர்டுல ஓடுறது, 'போர்ட்' னா வயரு சொருகுற ஓட்டை, 'ரிடன்டன்ட்' னா நல்லது.

ஆமாங்க, நல்லது. மூணாம் வருஷத்துல எங்க சார் போர்டுல எழுதிப் போட்டது இன்னும் ஞாபகம் இருக்கு. ஒரு சாமான் கெட்டுப் போனா மொத்த சிஸ்டமும் படுத்துடக் கூடாது, அதனால அதே சாமான் இன்னொண்ணு பக்கத்துல சும்மா உக்காந்திருக்கணும், அதுக்குப் பேர்தான் ரிடன்டன்சி. அமெரிக்காக்காரன் ஸ்பேஸ் ஷட்டில்ல அஞ்சு கம்ப்யூட்டர் வச்சான். நாலுல ஒரே சாஃப்ட்வேர். அந்த சாஃப்ட்வேர்லயே கோளாறுன்னா நாலும் சேர்ந்து கவுந்துடுமேன்னு, அஞ்சாவதுல தனியா வேற ஆளுங்க எழுதின சாஃப்ட்வேர். 1988-ல பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூணு பேர் எழுதின பேப்பர்லதான் 'ரெய்டு'ங்கிற பேரே பிரபலமாச்சு. அந்தப் பேரோட முதல் எழுத்தே ரிடன்டன்ட்டுதான். மலிவான டிஸ்க்குகளை வரிசையா அடுக்கி, ஒண்ணு செத்தாலும் டேட்டா சாகாம பாத்துக்குற வித்தை. இதையெல்லாம் படிச்சு அரியர் இல்லாம பாஸ் பண்ணினவனுக்கு ரிடன்டன்ட்டுங்கிற வார்த்தை காதுல விழுந்தாலே தேன் மாதிரிதான இருக்கும்?

சரி, மேட்டருக்கு வரேன்.

ஓயெம்மார்ல பொட்டி தட்டுறேன். ஜாகை பள்ளிக்கரணை. வேளச்சேரி-தாம்பரம் ரோட்டுல இருந்து உள்ள போற ஒரு தெருவுல முதல் மாடி. க்ளையன்ட் இங்கிலாந்துல ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி. அங்க ராத்திரி ராத்திரி ஓடுற ஒரு பழைய பேட்ச் இருக்கு. கோபால்ல எழுதினது (நம்ம கோபால் இல்லீங்க, அந்த மெயின்ஃப்ரேம் கோபால்). அதோட தலையெழுத்து மொத்தமும் தெரிஞ்ச ஒரே ஆள் அங்க ஒரு பெரியவர். அம்பத்தேழு வயசு, அதே கம்பெனியில முப்பத்தொரு வருஷம். நாங்க சென்னையில நாலு பேர். 2022 கடைசியில இருந்து கிட்டத்தட்ட ஒரு வருஷம், தினமும் மதியச் சாப்பாடு முடிஞ்சதும் அவரோட கால். வாத்தியார் வேலைக்குப் போகவேண்டிய மனுஷன். கேட்டதையே நாலு தடவை கேட்டாலும் கோபமே வராது. அவர் வீட்டு நாய் குலைக்கிற சத்தம் வரைக்கும் எங்க டீமுக்கு அத்துப்படி.

2023 ஜூலையில டேமேஜர் என்கிட்ட ஒரு ரிஸ்க் ஷீட் நிரப்பச் சொன்னார். எது உடைஞ்சா என்ன ஆகும், அதுக்கு என்ன வைத்தியம்னு எழுதணும். நான் ரொம்ப யோசிச்சு, ரொம்ப அக்கறையா எழுதின முதல் வரிசை அந்தப் பெரியவரைப் பத்தினதுதான். இவ்வளவு முக்கியமான வேலையை ஒத்தை ஆள் தாங்குறார், அவருக்குக் காய்ச்சல் வந்தா கம்பெனிக்கே காய்ச்சல். அதனால 'இந்த ரோலை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் ரிடன்டன்ட் ஆக்கணும்'னு இங்கிலீஷ்ல எழுதி வச்சேன். அவருக்குத் துணைக்கு இன்னொரு ஆள் போடுங்கப்பாங்கிறதுதான் என் அர்த்தம். ஷீட்டை சரிபார்க்கிறவர் யாருன்னு நினைக்கிறீங்க? அவரேதான். அந்த வரிசைக்கு நேரா 'நோட்டட்'னு ஒரே வார்த்தை போட்டு அனுப்பினார்.

அக்டோபர்ல ஒரு நாள் அவர்கிட்ட இருந்து எல்லாருக்கும் மெயில். நவம்பர் 30-ஓட தன் ரோல் ரிடன்டன்ட் ஆக்கப்படுதுன்னும், இத்தனை வருஷம் கூட வேலை பார்த்த எல்லாருக்கும் நன்றின்னும் நாலே வரி. எனக்கு சந்தோஷம் தாங்கல. நான் கேட்டது கெடச்சிருச்சே! யோசிக்காம ரிப்ளை ஆல் தட்டினேன். வாழ்த்துகள், இது ரொம்ப நாளைக்கு முன்னாடியே நடந்திருக்க வேண்டியது, எங்க டீம் சார்பா ரொம்ப மகிழ்ச்சி. கடைசியில ஒரு ஸ்மைலி வேற.

அனுப்பி மூணு நிமிஷத்துல டேமேஜர் என் சீட்டுக்கு நடந்தே வந்தார். அந்த மனுஷன் நடந்து வந்து நான் பாத்ததே இல்ல. "என்ன காரியம்டா பண்ணி வச்சிருக்க?"ன்னு கேட்டார். நான் ஙேன்னு முழிச்சேன். அப்புறம்தான் அவர் மெதுவா சொன்னார். பிரிட்டிஷ்காரன் அகராதியில 'மேட் ரிடன்டன்ட்' னா வேலை போச்சுன்னு அர்த்தம்.

அவ்வ்வ்வ்.

அமெரிக்காக்காரன் 'லே ஆஃப்'ம்பான், நம்ம ஊர் பேப்பர்ல ஆட்குறைப்புன்னு போடுவான், கேன்டீன்ல தூக்கிட்டாங்கம்போம். இங்கிலாந்துல அதுக்குன்னு 1965-லயே சட்டம் போட்டு வச்சிருக்காங்க. அங்க திறமையில்லன்னு ஒருத்தரை அனுப்புறதுக்கு வேற பேரு. ரிடன்டன்ட் ஆகுறது அந்த ஆள் இல்ல, அந்தப் பதவி. அந்த வேலை இனிமே இங்க தேவையில்ல, அல்லது இவ்வளவு பேர் தேவையில்ல. சேவை செஞ்ச வருஷத்துக்கு ஏத்த மாதிரி பணம் உண்டு. நாப்பத்தொரு வயசுக்கு மேல பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒன்றரை வாரச் சம்பளம், அதுக்குக் கீழ ஒரு வாரம், இருபத்திரண்டுக்குக் கீழ அரை வாரம். ஆனா கணக்குல எடுக்குறது அதிகபட்சம் இருபது வருஷம்தான், வாரச் சம்பளத்துக்கும் ஒரு உச்சவரம்பு உண்டு. முப்பத்தொரு வருஷம் உழைச்சவருக்குச் சட்டக் கணக்குல பதினோரு வருஷம் காத்தோட போச்சு.

கூத்து என்னன்னா, லே ஆஃப்ங்கிற வார்த்தைக்கு நம்ம 1947-ம் வருஷத் தொழில் தகராறு சட்டத்துல தற்காலிகமா வேலை கொடுக்க முடியாம போறதுன்னுதான் அர்த்தம் இருந்துச்சு. நிரந்தரமா அனுப்பினா அதுக்குப் பேர் ரிட்ரென்ச்மென்ட். ஒரே துக்கத்துக்கு ஊருக்கு ஒரு வார்த்தை.

இந்த ஆராய்ச்சியெல்லாம் பின்னாடி பண்ணினது. அன்னிக்கு எனக்கு ஓடினது ஒண்ணே ஒண்ணுதான். அந்த வேலை இனிமே அங்க தேவையில்லன்னா, எங்க போகுது? என் டேபிளுக்கு! ஒரு வருஷமா நான் நோட்டு எடுத்தது, கேள்வி கேட்டது, 'சூப்பர் சார் புரிஞ்சிடுச்சு'ன்னு சொன்னது எல்லாமே அவருக்குக் குழி வெட்டின சத்தம். எனக்குத்தான் கேக்கல, அவருக்குக் கேட்டிருக்கும். அதுக்கு மேல அந்த ரிஸ்க் ஷீட். என் கைப்பட, 'எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம்'. அவர் அதைப் படிச்சிட்டு நோட்டட்னு போட்டுட்டு, அடுத்த நாள் அதே பொறுமையோட கால்ல வந்து எனக்குப் பாடம் எடுத்திருக்கார்.

ராத்திரி தூக்கம் வரல. ஒரு மணிக்கு எழுந்து உக்காந்து அவருக்கு மட்டும் தனியா ஒரு மெயில் எழுதினேன். எங்க காலேஜ்ல இந்த வார்த்தைக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க, மன்னிச்சிருங்க, ஷீட்ல எழுதினதும் அந்த அர்த்தத்துலதான்னு மூணு பத்தி. காலையில பதில் வந்திருந்தது. முடிவு மார்ச் மாசமே எடுத்தாச்சு, ஷீட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, நீ என்ன நினைச்சு எழுதினேன்னு எனக்கு அப்பவே தெரியும், வந்த பதில்லயே என்னைச் சிரிக்க வச்சது உன்னுது மட்டும்தான்னு எழுதியிருந்தார். ஆறுதலுக்குச் சொன்னாரா நிஜமாவே சொன்னாரான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

கடைசி ஒரு மாசம் உக்காந்து எங்களுக்காக ஒரு கையேடு எழுதினார். அறுபத்திச் சொச்சம் பக்கம். அதுல எல்லாமே ரெண்டு தடவை வரும். முதல்ல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு படிகள். அப்புறம் அதையே கதை மாதிரி, இந்த ஃபைல் எதுக்குப் பொறந்துச்சு, ஏன் இந்த இடத்துல முரண்டு பிடிக்கும்னு. எங்க டீம் பொண்ணு தமிழ் இலக்கியம் படிக்கிறவ, "நன்னூல்ல பத்து குற்றம் சொல்லியிருக்கு, அதுல கூறியது கூறல், மிகைபடக் கூறல் ரெண்டையும் மனுஷன் ஒரே கையேட்டுல பண்ணிட்டாரு"ன்னு கிண்டலடிச்சா. நாங்களும் சிரிச்சோம்.

நவம்பர் 30, அவர் கணக்கை மூடிட்டாங்க. டிசம்பர் 3 ஞாயித்துக்கிழமை ராத்திரி, மிக்ஜாம்.

சென்னை மக்களுக்கு அதைப் பத்திப் புதுசா சொல்ல ஒண்ணுமில்ல. திங்கக்கிழமை முழுக்கக் கொட்டித் தீர்த்துட்டு, செவ்வாய்க்கிழமை ஆந்திராவுல பாபட்லா பக்கம் கரையைக் கடந்துச்சு. ஏர்போர்ட் ரன்வேயையே மூடினாங்கன்னா பாத்துக்கங்க. எங்க தெருவுல திங்கக்கிழமை மத்தியானம் இடுப்பளவுத் தண்ணி. பார்க்கிங்ல நின்ன என் வண்டியோட ஹேண்டில்பார் மட்டும் எருமை கொம்பு மாதிரி தெரிஞ்சுது. கரண்ட் போச்சு. இன்வெர்ட்டர் ஆறு மணி நேரம். நான் உஷார் பார்ட்டியாச்சே, ரெண்டு கம்பெனி சிம் வச்சிருந்தேன். ரெண்டுக்கும் டவர் போச்சு.

டீம்ல மத்த மூணு பேரும் எங்க இருந்தாங்கங்கிறீங்க? வேளச்சேரி, மேடவாக்கம், பெரும்பாக்கம். ஒருத்தர் இல்லைன்னா இன்னொருத்தர்னு நாலு பேரையும் காட்டித்தான் க்ளையன்ட்டுக்கு பிளான் போட்டுக் கொடுத்திருந்தோம். நாலு டிஸ்க்கையும் ஒரே தண்ணித் தொட்டிக்குள்ள அடுக்கி வச்ச ரெய்டு!

பேட்ச் திங்கக்கிழமை ராத்திரி நின்னுடுச்சு. எனக்கு அது தெரியவே தெரியாது. நான் மொட்டை மாடியில ஹவுஸ் ஓனரோட அம்மாகூட உக்காந்திருந்தேன். கீழ் வீட்டுல அவங்க கட்டில் முழுகிப் போச்சு, பையன் மேல கூட்டியாந்து விட்டுட்டு அரிசி மூட்டையை எடுக்கப் போயிருந்தார்.

"ஆயா, இந்த மாதிரி தண்ணி முன்ன வந்திருக்கா?"ன்னு கேட்டேன்.

"இன்னாப்பா கேக்குற. வருஷா வருஷம் வரும். இங்கல்லாம் எவன் வூடு கட்னான்? மழை பேஞ்சா ரெண்டு மாசம் நிக்கும். அப்பால வடிஞ்சிரும். கோரை அறுப்போம், மாடு மேய்ப்போம், மீன் புடிப்போம். இப்ப அதுக்குத்தான் எடம் இல்லியே, எங்க போவும் அது?"

"அப்போ இந்த இடமெல்லாம் யாருதாயிருந்துச்சு?"

"யாருதும் இல்ல. சும்மா கெடந்துச்சு."

சும்மா கெடந்துச்சு. நாலு நாள் கழிச்சுத் தண்ணி வடிஞ்சு, கரண்ட் வந்து, எல்லாம் ஒரு நிலைக்கு வந்த பின்னாடியும் அது மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு.

நான் குடியிருக்கிற ஏரியாவைப் பத்தி அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். தென்சென்னையோட ஏரிகள் ஒண்ணுல இருந்து ஒண்ணு வழிஞ்சு கடைசியில வந்து சேர்ற இடம் இந்தச் சதுப்பு நிலம். இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், தெக்க கோவளம் பக்கம் கடல்ல கலக்கும். கடல் உசந்து நின்னா தண்ணி போகாது. அதுவரைக்கும் இங்கதான் பரவி நின்னாகணும். 1960-கள்ல அஞ்சாயிரம் ஹெக்டேருக்கு மேல இருந்துச்சுங்கிறாங்க. அரசாங்கக் கணக்குல அது தரிசு. தரிசுன்னு எழுதியாச்சுன்னா அப்புறம் என்ன, பெருங்குடி குப்பை மேடு வந்துச்சு, குறுக்க ரேடியல் ரோடு வந்துச்சு, ஐ.டி. கம்பெனி வந்துச்சு, அதுல வேலை பார்க்க நான் வந்தேன், எனக்கு வீடு வந்துச்சு. கடலைப் பத்தி ஆராய்ச்சி பண்ற தேசிய நிறுவனத்தையும், காத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்ற தேசிய நிறுவனத்தையும் இங்கதான் வச்சிருக்காங்க :-) 2007-ல 317 ஹெக்டேரைக் காப்புக் காடா அறிவிச்சாங்க. 2022 ஜூலையில சுமார் 1,248 ஹெக்டேருக்கு ராம்சார் அந்தஸ்து கிடைச்சுது.

வருஷத்துல பத்து மாசம் பாக்குறவனுக்கு அது வேலை வெட்டி இல்லாத நிலம். அந்த மிச்ச ரெண்டு மாசத்துக்காகத்தான் அது அங்க இருந்துச்சுன்னு புரிய எனக்கு என் வண்டி முழுக வேண்டியிருந்துச்சு. எங்க சார் போர்டுல எழுதின அர்த்தத்துல அது ரிடன்டன்ட். பிரிட்டிஷ்காரன் அர்த்தத்துல நாமதான் அதை ரிடன்டன்ட் ஆக்கிட்டோம்.

எப்படி ஒரே வார்த்தைக்குள்ள ரெண்டும் வந்துச்சுன்னு அகராதியைப் புரட்டினப்போதான் தூக்கிவாரிப் போட்டுச்சு. லத்தீன்ல 'உண்டா' னா அலை. அதுல இருந்து வந்ததுதான் ரிடன்டன்ட். பொங்கி வழியிறது, கரை தாண்டுறதுங்கிறதுதான் மூல அர்த்தம். வெள்ளக்காடாக்குறதுக்கு ஒரு வார்த்தை இருக்கே, இனன்டேட், அதுவும் அதே குடும்பம். அபண்டன்ட்டும் அதேதான். சுத்தி வளைக்கிற 'சரவுண்ட்' கூட அதே தண்ணியில முளைச்சதாம். வழியிறது தேவைக்கு மேல போச்சுன்னா மிச்சம், மிச்சம்னா வேண்டாதது. ஆனா மிச்சம்னா கைகாவலும்தான.

நம்ம தமிழுக்கும் இது புதுசு இல்ல. 'நடு சென்டர்', 'கேட்டு கதவு' எல்லாம் காமெடி மிச்சம். ஆனா 'நான் வந்தேன்'னு சொல்றப்போ, நான்ங்கிறதையும் சொல்லி வந்தேன்லயும் அதையே ஏன் சொல்றோம்? போன்ல முதல் பாதி விட்டுப் போனாலும் யார் வந்ததுன்னு ரெண்டாம் பாதியில தெரிஞ்சிடும். ஷானன் 1948-ல போட்ட கணக்குப்படி இங்கிலீஷ்லயே கிட்டத்தட்ட பாதி இப்படிப்பட்ட மிகைதான். அந்தப் பாதி இல்லைன்னா ஒரு எழுத்து அழிஞ்சாலும் மொத்தமும் புரியாது.

பேட்ச் என்னாச்சுன்னு சொல்லலையே. பெங்களூர்ல பெஞ்ச்ல உக்காந்திருந்த ஒரு பையனைச் செவ்வாய்க்கிழமை இழுத்துப் போட்டிருக்காங்க. (பெஞ்ச்! ப்ராஜெக்ட் இல்லாம சம்பளம் வாங்குறவங்க. மழை வர்ற வரைக்கும் கைகாவல், மார்க்கெட் படுத்தா மிச்சம்.) அவனுக்கு அந்த சிஸ்டத்தோட அ, ஆ கூடத் தெரியாது. கையேட்டுல இருக்கிற படிகள் அவனுக்கு உதவலயாம். செர்வர் மாத்தினதுல ஃபைல் பேர் பாதி மாறியிருந்துச்சு, நாங்கதான் திருத்தாம விட்டிருந்தோம். ஆனா கதையா எழுதியிருந்ததைப் படிச்சு, எந்த ஃபைல் எதுக்குன்னு ஊகிச்சு, புதன்கிழமை ராத்திரி ஓட வச்சுட்டான். மூணு மாசம் கழிச்சு அந்தப் பையனையும் தூக்கிட்டாங்க. அவன் கைபேசி எண் இன்னும் என்கிட்ட இருக்கு, கூப்பிட்டுப் பேசத்தான் தைரியம் வரல.

எனக்கு நெட் வந்தது வியாழக்கிழமை சாயங்காலம். ஆபீஸ் மெயில் முன்னூத்திச் சொச்சம். சொந்த மெயில்ல ஒண்ணே ஒண்ணு, பெரியவர்கிட்ட இருந்து, திங்கக்கிழமை தேதியில. டிவியில சென்னையைக் காட்டினாங்க, நீ பத்திரமா இருக்கியா, வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா? பேட்ச் பத்தி ஒரு வார்த்தை இல்ல. நான் பதில் எழுதினேன். பத்திரமா இருக்கேன், முதல் மாடி, வண்டி போச்சு, ஆயா நல்லா இருக்காங்க. பேட்ச் நின்னுது, ஓடிடுச்சு, உங்க கையேட்டுல கதைப் பகுதிதான் காப்பாத்துச்சுன்னும் எழுதினேன். அதுக்கு அவர் அனுப்பினது நாய் படம் மட்டும்.

ஜனவரியில அதே ரிஸ்க் ஷீட் திரும்ப என்கிட்ட வந்துச்சு. நாலு பேர்ல ரெண்டு பேரையாவது கோயம்புத்தூர்ல வைக்கணும்னு எழுத வேண்டியிருந்துச்சு. 'ரிடன்டன்சி பிளான்'னு தலைப்பு அடிச்சேன். அனுப்ப வேண்டியவங்க லிஸ்ட்டைப் பாத்தேன், பதினோரு பிரிட்டிஷ்காரங்க. அழிச்சிட்டு 'பேக்கப் பிளான்'னு போட்டேன்.

டிஸ்கி: வண்டியை சர்வீஸ் விட்டு எடுத்தாச்சு. ஹாரன் மட்டும் இன்னும் தண்ணிக்குள்ள இருந்து அடிக்கிற மாதிரியே கேக்குது.